ஊசிக்கு மாற்றாக ஒரு மாத்திரை (நீரிழிவு மருந்துகளின் வரலாறு – 5)

இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே கொடுத்தால் வயிற்றிலேயே செரித்துப்போகும். ரத்தத்துக்கு வந்து சேராது. அதனால் 1922 ஜனவரியில் டொரான்டோவில் ஒரு சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்ட நாளிலிருந்தே, இதை மாத்திரையாகத் தர முடியாதா என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. கேட்டதில் நியாயம் உண்டு. அன்றைய ஊசி, ஒரு தடவை போட்டுத் தூக்கியெறிகிற ஊசி அல்ல. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுக்க வேண்டும். முனை மழுங்கினால் கல்லில் தீட்ட வேண்டும். பிறகு அதே ஊசியால் தினம் இரண்டு மூன்று தடவை குத்திக்கொள்ள வேண்டும்.

கடையில் நிலைத்து விற்கிற மாத்திரை வந்து சேர முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது இரண்டு குடும்பங்களாக வந்தது. சல்ஃபோனைல்யூரியா ஒன்று, டயோனில், கிளிமிபிரைடு எல்லாம் அதன் வாரிசுகள். பைகுவனைடு மற்றொன்று, மெட்ஃபார்மின் அதைச் சேர்ந்தது. இன்று மருந்துச் சீட்டில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன. பல நேரம் ஒரே மாத்திரைக்குள் இரண்டையும் சேர்த்தே விற்கிறார்கள். ஆனால் இவை பிறந்த இடமும் வளர்ந்த விதமும் வேறு வேறு. எது யாருக்கு நன்மை செய்கிறது என்பது உறுதிப்பட மேலும் நாற்பது ஆண்டு பிடித்தது. அந்த நாற்பது ஆண்டும் கோடிக்கணக்கான மாத்திரைகள் விற்றுக்கொண்டுதான் இருந்தன.

பைகுவனைடின் வேர் ஒரு செடியில் இருக்கிறது. காலேகா என்பது அதன் தாவரவியல் பெயர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது; வெளிர் ஊதாவில் பூக்கும். ஐரோப்பிய நாட்டு வைத்தியர்கள் காய்ச்சலுக்கும் பால் சுரப்புக்கும் அதைக் கொடுத்துவந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குத் தீவனப் பயிராகக் கொண்டுபோய் விதைத்தார்கள். ஆடுமாடுகளுக்கு அது நஞ்சானதால் கைவிட்டார்கள். அங்கே அது இன்று களை. 1914-இல் ழார்ழ் தான்ரே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதிலிருந்து காலெஜின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அது குவனிடின் என்ற வேதிப்பொருளின் உறவு. 1918-இல் வாடனபி என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் குவனிடின் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை இறங்கியது. ஆனால் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சுத்தன்மை அதில் இருந்தது.

நஞ்சைக் குறைத்து மருந்துக் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்த முதல் பெரிய முயற்சி ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரில் நடந்தது. நாயின் கணையத்தை எடுத்தால் நீரிழிவு வரும் என்று 1889-இல் காட்டிய இருவரில் ஒருவரான ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியின் மருத்துவமனை அங்கேதான் இருந்தது. அங்கே பணியாற்றிய எரிக் ஃபிராங்க் 1926-இல் சிந்தலின் என்ற மாத்திரையை அறிமுகப்படுத்தினார். சர்க்கரையும் இறங்கியது, கல்லீரலும் கெட்டது. முப்பதுகளின் தொடக்கத்திலேயே பல இடங்களில் அதை நிறுத்திவிட்டார்கள். போகிற போக்கில் அது குவனிடின் இனத்தின் பேரையே கெடுத்துவிட்டுப் போனது.

கெட்ட பேரில் அடிபட்டது மெட்ஃபார்மின். 1922-இல், அதாவது இன்சுலின் வந்த அதே ஆண்டில், டப்ளினில் எமில் வெர்னர், ஜேம்ஸ் பெல் என்ற இருவர் அதை ஆய்வுக்கூடத்தில் தயாரித்திருந்தார்கள். அவர்கள் தேடியது மருந்தை அல்ல. செய்தது வெறும் வேதியியல் பயிற்சி. 1929-இல் ஸ்லோட்டா, செஷே என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் அது முயலின் சர்க்கரையை இறக்கும் என்று காட்டினார்கள். இன்சுலின் கோலோச்சிய காலம். சிந்தலின் பயமுறுத்திய காலம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெட்ஃபார்மின் கிட்டத்தட்ட முப்பது ஆண்டு தூங்கியது.

இதற்கிடையில் இன்னொரு குடும்பம், யாரும் தேடாமலே, ஒரு டைஃபாய்டு வார்டில் பிறந்தது.

1942-ஆம் ஆண்டு. தெற்குப் பிரான்சின் மான்பெலியே நகரம். போர்க்காலம், உணவுப் பங்கீடு, டைஃபாய்டு பரவிக்கொண்டிருந்தது. அதற்கு உரிய ஆன்டிபயாடிக் எதுவும் அப்போது கிடையாது. சல்ஃபா மருந்துகள்தான் அந்தக் காலத்தின் நம்பிக்கை. ரோன்-பூலாங்க் நிறுவனம் 2254 என்று எண்ணிட்டிருந்த ஒரு புதிய சல்ஃபாவைத் தொற்றுநோய்ப் பேராசிரியர் மார்செல் ஜான்போன் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு வலிப்பு வந்தது; சிலர் நினைவிழந்தார்கள்; சிலர் இறந்தும் போனார்கள். டைஃபாய்டின் முற்றிய நிலையிலும் நோயாளி நினைவு தப்பிக் கிடப்பது உண்டு என்பதால் நோயின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். ஜான்போன் அப்படிச் செய்யவில்லை. ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. பசியால் வாடிய உடல்களில் அந்த இறக்கம் உயிருக்கே உலைவைத்திருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பிரிவில் இருந்த ஒகுஸ்த் லூபாத்தியேர் என்ற இளைஞரிடம் இந்தச் செய்தி போனது. அவர் நாய்களை வைத்துச் சோதனையில் இறங்கினார். முழு நாய்க்குக் கொடுத்தால் சர்க்கரை இறங்குகிறது. கணையம் முழுவதையும் எடுத்துவிட்ட நாய்க்குக் கொடுத்தால் ஒன்றும் நடப்பதில்லை. கணையத்தில் ஒரு துண்டை விட்டுவைத்தால் மறுபடி இறங்குகிறது. இந்த மூன்று விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு ஒன்றுதான்: மருந்து தானாகச் சர்க்கரையைக் குறைப்பதில்லை, கணையத்தை முடுக்கி, அதிலிருக்கும் இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. கணையத்தில் ஏதோ கொஞ்சம் மிச்சமிருப்பவருக்கு மட்டுமே இது பயன்படும். சிறுவயதில் வருகிற, இன்சுலின் அறவே இல்லாத நீரிழிவுக்கு ஆகாது. நடுவயதில் வருகிற நீரிழிவுக்கு ஆகலாம். நீரிழிவில் இரண்டு வகை உண்டென்று லண்டனின் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த் 1936-இலேயே எழுதியிருந்தார். அந்தப் பிரிவு சிகிச்சையில் முக்கியமாகப் போவது இந்த நாய்களால்தான். லூபாத்தியேர் 1946-இல் இதையெல்லாம் தம் ஆய்வேடாக எழுதி முடித்தார். போரில் சிதறிய ஐரோப்பாவில் அதைப் படித்தவர் குறைவு.

மான்பெலியே வார்டில் நடந்ததற்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே விபத்து பெர்லினில் இன்னொரு தடவை நடந்தது. ஹான்ஸ் ஃபிராங்க, யோவாகிம் ஃபூக்ஸ் என்ற இரு மருத்துவர்கள் தொற்றுநோய்க்காக ஒரு சல்ஃபாவைக் கொடுத்தபோது நோயாளிகளின் போக்கு மாறியது. ஃபூக்ஸ் அந்த மருந்தைத் தாமே விழுங்கிப் பார்த்தார். கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, அகோரப் பசி எடுத்தது; சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. ‘லோ சுகர்’ என்று இன்று வீட்டுக்கு வீடு சொல்கிற அதே அறிகுறிகள். 1955-இல் அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். கார்புடமைடு என்ற பெயரில் முதல் சல்ஃபோனைல்யூரியா கடைக்கு வந்தது. ஆனால் அது ஒரு சல்ஃபா ஆகையால் கிருமிகளையும் கொன்றது; எலும்பு மஜ்ஜையையும் சிலருக்குப் பாதித்தது. மூலக்கூற்றில் ஓர் இடத்தை மட்டும் மாற்றியதில் கிருமியைக் கொல்லும் குணம் போய், சர்க்கரையை இறக்கும் குணம் மட்டும் நிலைத்தது. ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் டோல்புடமைடு அப்படி வந்ததுதான். 1957-இல் அது ஓரினேஸ் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தைக்குப் போனது. அடுத்த ஆண்டே குளோர்புரோபமைடு. 1969-இல் கிளிபென்கிளமைடு, அதாவது டயோனில்.

ஓரினேஸ் நோயாளிகளின் எண்ணிக்கையையே மாற்றியது. அதற்கு முன் நீரிழிவு என்றால் தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு என்று தொல்லையோடு வருகிறவர்தான் நோயாளி. லேசான சர்க்கரைக்கு ஊசி போட யாருக்கும் மனம் வராது. மாத்திரை வந்தபின் தொல்லை ஏதும் இல்லாதவரையும் சோதனை செய்து கண்டுபிடிப்பதில் பொருள் இருந்தது. அவர் ஒரு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம்; ஆயுள் முழுக்கப் போடலாம். மருந்துக் கம்பெனிக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் இல்லை. சர்க்கரை எண் குறைகிறது என்பது கண்முன் தெரிந்தது. எண் குறைந்தால் கண்ணும் சிறுநீரகமும் இதயமும் தப்புமா என்பதை யாரும் நிரூபிக்கவில்லை. தப்பும் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இதே 1957-இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் மெட்ஃபார்மினை எழுப்பினார். பிலிப்பைன்ஸில் எயுசெபியோ கார்சியா அதை இன்ஃபுளுயன்சாவுக்குக் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியதை எழுதியிருந்தார். அது ஸ்டெர்னின் கண்ணில் பட்டது. சிந்தலின் போல் அல்லாமல் இது கல்லீரலைக் கெடுக்கவில்லை. குளுக்கோஃபேஜ் என்று அவர் வைத்த பெயர் இன்றும் அட்டையில் இருக்கிறது. ஆனால் அதே ஆண்டு அமெரிக்காவில் ஃபென்ஃபார்மின் வந்தது. இரண்டும் உடன்பிறப்புகள். மெட்ஃபார்மின் நாளுக்கு ஓரிரு கிராம் வேண்டும். ஃபென்ஃபார்மின் நூறு மில்லிகிராமிலேயே வேலை செய்தது. வீரியம் கூடிய மருந்தே மேலான மருந்து என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. உலகின் பெரும்பகுதி ஃபென்ஃபார்மினை எடுத்துக்கொண்டது. மெட்ஃபார்மின் பிரான்சிலும் பிரிட்டனிலும் ஓரமாக ஒதுங்கியது.

மாத்திரை உயிரைக் காக்கிறதா என்று முதலில் முறையாகக் கேட்டவர்கள் அமெரிக்காவின் பல்கலைக்கழக நீரிழிவு ஆய்வுக் குழுவினர். 1961 முதல் பன்னிரண்டு மருத்துவமனைகளில் சுமார் ஆயிரம் பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு என்ன மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கல் போலத் தற்செயலாக முடிவுசெய்தார்கள்: உணவுக் கட்டுப்பாட்டோடு மருந்தில்லாத வெறும் மாத்திரை ஒரு பிரிவுக்கு, டோல்புடமைடு ஒரு பிரிவுக்கு, இரண்டு விதமாக இன்சுலின் இரண்டு பிரிவுக்கு, பின்னால் ஃபென்ஃபார்மின். மாத்திரைதான் நல்லது என்று வரப்போகிறது என்றே பலரும் நம்பியிருந்தார்கள்.

1969-இல் கணக்குப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். டோல்புடமைடு வாங்கிய 204 பேரில் 26 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தார்கள். வெறும் மாத்திரை வாங்கிய 205 பேரில் அப்படி இறந்தவர்கள் 10. டோல்புடமைடை அத்துடன் நிறுத்தினார்கள். ஆய்வுக் கட்டுரை அச்சாகுமுன்பே 1970 மே மாதம் செய்தி பங்குச் சந்தைக்கும் பத்திரிகைக்கும் கசிந்துவிட்டது. லட்சக்கணக்கான நோயாளிகள் காலையில் பேப்பரில் படித்துவிட்டு மருத்துவருக்குப் போன் போட்டார்கள். மருத்துவருக்கும் பேப்பரில் வந்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அதன்பின் நடந்தது மருத்துவச் சண்டையாகத் தொடங்கி வழக்காக வளர்ந்தது. பாஸ்டனைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவர்கள் ஒரு குழு அமைத்து ஆய்வை எதிர்த்தார்கள். அவர்கள் வாதங்களில் சில கனமானவை. எல்லாருக்கும் ஒரே அளவு மருந்து கொடுத்தது நடைமுறைக்கு ஒவ்வாதது. டோல்புடமைடு பிரிவில் தொடக்கத்திலேயே இதய நோயாளிகள் கூடுதலாக விழுந்திருக்கலாம். யார் புகை பிடிக்கிறவர் என்று ஆய்வில் குறித்துவைக்கவே இல்லை. இதயச் சாவை எண்ணுகிற ஆய்வுக்கு அது பெரிய ஓட்டைதான். மறுபக்கம், 1975-இல் தனிப்பட்ட புள்ளியியல் குழு ஒன்று தரவுகளைத் திரும்பப் பார்த்து, ஆய்வின் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது என்றது. மூலத் தரவைக் காட்டச் சொல்லித் தொடர்ந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1980-இல் மருத்துவர்கள் தோற்றார்கள். டோல்புடமைடு வகை மாத்திரைகளின் உறையில் இதய எச்சரிக்கையை அச்சிடும் விதி 1984-இல்தான் நிலைபெற்றது. பதினான்கு ஆண்டு! இடைப்பட்ட காலத்தில் சல்ஃபோனைல்யூரியாவை எழுதுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மருத்துவரும் தம் மனத்தில் பட்டபடி முடிவுசெய்தார்.

ஃபென்ஃபார்மினின் கணக்கு இவ்வளவு இழுக்கவில்லை. அதே ஆய்வில் அதையும் 1971-இல் நிறுத்தினார்கள். அதற்கு மேல் ஒரு குற்றச்சாட்டும் வலுத்துக்கொண்டே வந்தது. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறி, மூச்சு வாங்கி, நினைவு தப்பி நோயாளிகள் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பங்கினர் பிழைக்கவில்லை. காரணம் பின்னால் விளங்கியது. ஃபென்ஃபார்மினைக் கல்லீரல் உடைத்து வெளியேற்ற வேண்டும். பரம்பரையாகச் சிலருக்கு அந்த வேலை மெதுவாக நடக்கும். அவர்கள் உடலில் மருந்து தேங்கும். மெட்ஃபார்மின் உடையாமல் அப்படியே சிறுநீரகம் வழியே போய்விடுகிறது. அதனால்தான் மெட்ஃபார்மினில் இந்த ஆபத்து பல மடங்கு குறைவு. அதனால்தான் சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆகாது என்கிறார்கள். 1977 ஜூலையில் அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர் ஜோசப் கலிஃபானோ, உடனடி ஆபத்து என்ற சட்டப் பிரிவைப் பயன்படுத்தி ஃபென்ஃபார்மினைச் சந்தையிலிருந்து அகற்றினார். இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2003-இல். இருபத்தாறு ஆண்டு இடைவெளிக்கு நியாயம் சொல்வது கடினம்.

தமையனின் பாவம் தம்பியின் தலையிலும் விழுந்தது. மெட்ஃபார்மினும் அதே இனம் என்பதால் பல நாடுகளில் மருத்துவர்கள் அதைத் தொட அஞ்சினார்கள். அமெரிக்கா அதைக் கிட்டத்தட்ட மறந்தேபோனது.

ஃபென்ஃபார்மின் விழுந்த அதே 1977-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டர்னர் என்ற மருத்துவர் இன்னொரு நீண்ட ஆய்வைத் தொடங்கினார். பிரிட்டனின் 23 மருத்துவமனைகள். புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேர். அமெரிக்க ஆய்வின் ஓட்டைகளை அவரும் உடன் நின்ற ரூரி ஹோல்மனும் நன்றாக அறிந்திருந்தார்கள். இவர்களிடம் இன்னொரு கருவியும் இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒருநாள் சோதனைக்கு முன் சோற்றைக் குறைத்து டாக்டரை ஏமாற்றுகிற வித்தை அதனிடம் பலிக்காது.

ஆய்வு இருபது ஆண்டு நடந்தது. பாதியில் பணம் தீர்ந்துபோகும் நிலை பலமுறை வந்தது. டர்னர் வாசல் வாசலாக ஏறி நிதி திரட்டினார். 1998 செப்டம்பரில் பார்சிலோனாவில் கூடிய ஐரோப்பிய நீரிழிவு மாநாட்டில் முடிவுகள் வாசிக்கப்பட்டன. மாத்திரையாலோ இன்சுலினாலோ கறாராகச் சர்க்கரையைப் பிடித்துவைத்தவர்களின் எச்பிஏ1சி 7.0; வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 7.9. ஒரு புள்ளிகூட இல்லாத இந்த வேறுபாடு, கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்குகிற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பை 25 விழுக்காடு குறைத்திருந்தது. மாரடைப்பில் குறைவு 16 விழுக்காடு. அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்கிற எல்லைக்கோட்டில் நின்றது. சல்ஃபோனைல்யூரியா வாங்கியவர்களுக்கு இதயச் சாவு கூடவில்லை. 1970-இன் பயம் அவ்வளவில் தணிந்தது. எடை கூடுவதும் ‘லோ சுகர்’ வருவதும் அந்த மாத்திரைகளின் குறைகளாக நின்றன. நேரத்துக்குச் சாப்பிடாத முதியவருக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, நெடுநேரம் வேலை செய்யும் டயோனில் இன்றும் ஆபத்தானதே.

எதிர்பாராத முடிவு ஆய்வின் ஒரு மூலையில் இருந்தது. உடல் பருத்த 342 பேருக்கு மெட்ஃபார்மினை முதல் மருந்தாகக் கொடுத்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்த 411 பேரோடு ஒப்பிட்டால், இவர்களில் மாரடைப்பு 39 விழுக்காடு குறைவு. எந்தக் காரணத்தாலும் ஏற்பட்ட மரணம் 36 விழுக்காடு குறைவு. எடையும் ஏறவில்லை. யாரும் பெரிதாக எதிர்பார்க்காத மருந்து, ஊசியும் மற்ற மாத்திரைகளும் காட்டாத பலனைக் காட்டியது. 342 என்பது சிறிய எண்ணிக்கை. சல்ஃபோனைல்யூரியாவின் மேல் மெட்ஃபார்மினைக் கூட்டிக் கொடுத்த இன்னொரு சிறு பிரிவில் மரணம் கூடியே தெரிந்தது. அதற்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இல்லை. ஆனாலும் விலை மலிவு, பழக்கம் பழையது, ஆபத்து குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து, நடுவயது நீரிழிவுக்கு முதல் மாத்திரை மெட்ஃபார்மின் என்ற வழக்கத்தை உலகெங்கும் நிலைநிறுத்தின. டர்னர் அதை நெடுநாள் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டே காலமானார்.

அமெரிக்கா 1994 டிசம்பரில்தான் மெட்ஃபார்மினுக்கு அனுமதி தந்திருந்தது. பிரான்சுக்கு முப்பத்தேழு ஆண்டு பின்னால். தமிழ்நாட்டுக்கும் இந்த மாத்திரையின் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்துச் சென்னையில் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. அதில் கொடுத்தது 250 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை. மேலைநாட்டு ஆய்வுகளின் அளவில் அது மிகச் சிறிய பங்கு. அந்தச் சிறு அளவே நோய் வருவதை 26.4 விழுக்காடு குறைத்தது. நடையும் உணவுமுறையும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்குக் குறைந்தது 28.5 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதற்கு மேல் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

டர்னரின் ஆய்வு முடியும் தறுவாயில் மூன்றாவது குடும்பம் ஒன்று கடைக்கு வந்துவிட்டிருந்தது. 1997-இல் ட்ரோக்ளிட்டசோன் அமெரிக்க அனுமதி பெற்றது. கல்லீரலைக் கெடுத்ததால் 2000-இல் திரும்பப் பெறப்பட்டது. 1999-இல் அனுமதி பெற்ற ரோசிக்ளிட்டசோன் சில ஆண்டுகளிலேயே உலகில் மிக அதிகம் விற்கும் நீரிழிவு மாத்திரைகளில் ஒன்றானது. ஓரினேஸுக்கு 1957-இல் எதைப் பார்த்து அனுமதி கொடுத்தார்களோ, இவை இரண்டுக்கும் அதையே பார்த்துத்தான் கொடுத்தார்கள்: சர்க்கரை எண் இறங்கியது.

(தொடரும்)